பரீட்சை முடியட்டும்

1

மஸ்கட்டில் மீன் இறக்குகிற பக்கம் வந்து எந்த ஐஸ் கிடங்கின் கதவைத் திறந்தாலும், முகத்தில் அடிக்கிற குளிர் நான் போட்ட குளிர். 'பெருமைக்காகச் சொல்லவில்லை' என்று இங்கே ஒரு வரி எழுதுவது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மாட வீதி மெஸ்ஸில் டம்ளர் கழுவினேன். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் கம்ப்ரஸரைத் தோளில் தூக்கித் தூக்கித் தொழில் கற்றேன். இன்று என் வேன்களில் ஏறி வேலைக்குப் போகிற ஆட்கள் தமிழ், மலையாளம், வங்காளம் என்று மூன்று பாஷையில் என்னைத் திட்டுகிறார்கள். மூன்றும் எனக்குப் புரியும்.

கம்பெனி என்னுடையது. போர்டில் இருக்கிற பெயர் மட்டும் அர்பாபுடையது. அர்பாப் என்றால் முதலாளி. இந்த நாட்டுக்காரர் ஒருவரின் பெயருக்குக் கீழேதான் எங்களைப் போன்றவர்கள் இங்கே தொழில் செய்ய முடியும். என் பாஸ்போர்ட்டும் அவர் மேஜைக்குள் பூட்டித்தான் இருக்கும். இதைப் பின்னால் சொல்வேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிணம் வைக்கிற குளிர் அறையும் என் பொறுப்புதான். போன வாரம் அதன் மோட்டார் முனகுகிறது என்று கூப்பிட்டார்கள். ஆட்களை அனுப்பாமல் நானே போனேன். ஸ்பேனரும் கையுமாகக் குனிந்திருந்தபோது, அங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தமிழ் டாக்டர் பெண் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட உள்ளே வந்தாள். சின்னப் பெண். என்னை நின்று பார்த்தாள்.

"அங்கிள், இந்தக் குளிர்ல உங்களுக்கு வேர்க்குது."

"மிஷின் வேலைம்மா. அப்படித்தான் இருக்கும்."

"எனக்குப் பல் அடிக்குது. உங்க சட்டை நனைஞ்சிருக்கு. எழுந்து மேல வாங்க."

மேலே கூட்டிப் போய் நெஞ்சில் ஒயர் மாட்டிப் படம் எடுத்தாள். படத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "உங்க பொண்ணு மெட்ராஸ்ல மெடிசன் படிக்கிறான்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களாமே. அவகிட்ட உடனே பேசுங்க அங்கிள். அவளுக்குப் புரியும்."

"அது பரீட்சை நேரம்மா" என்றேன். "பரீட்சை முடியட்டும்."

சொல்லிவிட்டுக் கீழே வந்து வேனில் உட்கார்ந்தேன். சாவியைப் போடவில்லை. என் மகள் அமுதா எந்தப் பரீட்சையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அவள் மெடிசனும் படிக்கவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தையும் என்னுடையது இல்லை. அது என் மனைவி வசந்தாவின் வார்த்தை. அவள் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது.

2

குவைத்தில் சண்டை நடந்த வருஷம் வரை நாங்கள் மூன்று பேரும் மஸ்கட்டில் ஒன்றாகத்தான் இருந்தோம். வசந்தாவும் மயிலாப்பூர்க்காரிதான், எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. நானோ மீன் கிடங்குக்காரன். ராணி மாதிரி இருந்தாள்.

ஒருநாள் வசந்தாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் விட்டு வந்த அமுதாவை என்னோடு வேலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன் மொட்டை மாடியில் மிஷின் ஏற்றும்போது வெயில் தாங்காமல் விழுந்தான். கண் மேலே சொருகிவிட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தையை எங்கே விடுவது? அவளும் கூடவே நின்று பார்த்தாள். டாக்டர் ஊசியைக் குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தில் ரத்தக் களை வந்தது. தண்ணீர் கேட்டான்.

திரும்பி வரும்போது அமுதா கேட்டாள். "நைனா, செத்துப்போன மாமா எப்படி எழுந்தாரு?"

"சாவல கண்ணு. மயக்கம்."

"இல்ல நைனா, செத்துட்டாரு. நா பார்த்தேன். டாக்டர்தான் திருப்பிக் கூட்டியாந்தாரு."

அன்று முதல் வீட்டில் இருந்த பொம்மைகளுக்கெல்லாம் கையில் தையல் நூல் தொங்கியது. டாக்டர் ஆகப் போகிறேன் என்று எல்லாக் குழந்தையும் சொல்லும். இவள் சொன்னதோடு நிற்கவில்லை. ஆறாம் வகுப்பில் எலும்புகளின் பெயர்களைச் சுவரில் எழுதி ஒட்டினாள். என் முழங்கையைத் தொட்டு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்வாள். முழங்கைக்கு அவ்வளவு நீளப் பெயரா என்பேன்.

இங்கே ஒரு கணக்கர் நண்பர் இருந்தார், விஷயம் தெரிந்தவர். "எட்டாவதில் இருந்து பிளஸ் டூ வரைக்கும் தமிழ்நாட்டிலேயே படித்துவிட்டால் கவர்மெண்ட் சீட்டுக்குத் தொந்தரவு இல்லை. இங்கேயே படித்தால் நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்" என்றார். நான் பிறந்தது மயிலாப்பூர், எனக்கு எவன் தரமாட்டான் என்று லீவில் போய்த் தாலுகா ஆபீஸில் நின்றேன்.

"பிறந்ததுக்கு என்ன ஆதாரம் சார்?" என்றார் எழுத்தர்.

"கபாலி கோயில் தேர் வடத்த எங்கப்பன் புடிச்சி இழுத்துக்கீறான்யா."

"வடத்தைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆத்திரத்தில் 'கலாஸ்' என்று இந்த ஊர் பாஷையில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முடிந்தது என்று அர்த்தம். மயிலாப்பூரில் நின்றுகொண்டு அரபியில் கோபப்படுகிறவனை மயிலாப்பூர்க்காரன் என்று எப்படி எழுதுவான், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த லீவிலேயே முடிவு செய்தோம். தாயும் மகளும் சென்னையில், நான் இங்கே. ஐந்து வருஷம்தானே என்றோம்.

3

மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடிப் போர்ஷன் கிடைத்தது. நல்ல டியூஷன் வாத்தியார்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். எங்கள் ஆட்களுக்கு அந்தத் தெருவில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் பேசி வாங்கினேன். மாமி போட்டது ஒரே நிபந்தனை, மாடியில் மீன் வாசனை வரக் கூடாது. வசந்தா உடனே சரி என்றாள். மீன் கிடங்குக்காரன் பெண்டாட்டி அன்றைக்கு மீனை விட்டவள்தான்.

போன் மாமியின் கூடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. போன் செய்வேன். மாமி மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். "வசந்தா, மஸ்கட்."

வசந்தா மூச்சிரைக்க வருவாள். "இன்னாய்யா, துன்னியா?"

"துன்னேன். நீ எப்படிக் கீறே?"

"எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன். பாப்பா டியூஷன் போயிக்கீது."

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நம்மிடம் இது ஒரு சட்டம் மாதிரி. தூர தேசத்தில் இருப்பவனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. அவனால் ஒன்றும் செய்ய முடியாது, பாவம், சோறு இறங்காது. அவனும் சொல்ல மாட்டான். என் கால்மேல் கம்ப்ரஸர் விழுந்து ஒரு மாதம் படுத்திருந்தபோது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

பிளஸ் டூ வருஷத்தில் இதோடு இன்னொரு சட்டமும் சேர்ந்துகொண்டது. பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கேபிள் டிவியைப் பிடுங்கிவிடுவார்கள். கல்யாணம், காது குத்து எதற்கும் போகக் கூடாது. விருந்தாளி வாசலோடு திரும்புவார். காய்கறி வண்டிக்காரன்கூட எங்கள் வாசல் வந்ததும் குரலை அடக்கிக்கொள்வானாம். "பாப்பா பட்ச்சிகினு கீது" என்று அவனே மற்றவர்களை அதட்டுவானாம். தெருவே சேர்ந்து ஒரு பிள்ளையைப் பரீட்சைக்குத் தூக்கிப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இங்கே வேனில், கடையில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் சொன்னேன், என் மகள் டாக்டர் என்று. ஆகப் போகிறாள் என்று சொல்வதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

முதல் தடவை அரை மார்க்கில் போயிற்று.

அரை மார்க் என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. குழாயில் அரை நூல் இடைவெளி இருந்தால் கேஸ் முழுதும் போய்விடும், அந்த மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதெல்லாம் இம்ப்ரூவ்மெண்ட் என்று ஒன்று உண்டு. பாஸான பிள்ளைகளே மறு வருஷம் அதே பரீட்சையைத் திரும்ப எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளலாம். அமுதா போனில் அழவில்லை.

"இன்னொரு வாட்டி எழுதறேன் நைனா. வேற எதுக்கும் போமாட்டேன்."

"எழுது கண்ணு. நா இருக்கறேன்."

பின்னால் வசந்தாவின் குரல் கேட்டது. "எழுதட்டும்யா. இன்னும் ஒரு வருசந்தானே. நான் தாங்குவேன்."

தாங்குவேன் என்று ஏன் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டு வேலையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

4

இரண்டாம் தடவைப் பரீட்சையும், அதற்குப் பிறகு நடக்கிற நுழைவுத் தேர்வும் முடிந்த மறுநாள், கடைக்குப் போகக் கூப்பிடுவது மாதிரி, வசந்தா அமுதாவிடம் சொன்னாளாம். "கண்ணு, மாருல ஒரு கட்டி கீது. டாக்டர்கிட்ட போலாமா."

அது கட்டியாக இல்லை. உடைந்திருந்தது.

அடையாறுக்குப் போனார்கள். சென்னையில் ஒருவரை அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்றால் எந்த வியாதி என்று யாரும் கேட்பதில்லை. அங்கே டாக்டரம்மா வசந்தாவிடம் கேட்டார், எத்தனை நாளாக இருக்கிறது என்று.

"இப்பதாம்மா. ஒரு மாசமா."

டாக்டரம்மா திரும்பி அமுதாவைப் பார்த்தாராம். அந்தப் பார்வையை அமுதா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். "நீ கூடவே இருந்தியான்னு கேக்கற மாதிரி இருந்தது நைனா."

எனக்குத் தகவல் சொன்னது மாமி. வெள்ளிக்கிழமை போன் செய்தபோது, மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை. "நீங்கோ புறப்பட்டு வந்துடுங்கோ" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். "முதல் பரீட்சைக்கு முன்னாடியே எங்கிட்ட காமிச்சா. டாக்டர்ட்ட போயிடுடின்னேன். குழந்தை பரீட்சை முடியட்டும் மாமி, இப்ப சொன்னா எழுத மாட்டா, உட்கார்ந்துடுவான்னா. கபாலி மேல சத்தியம் வாங்கிண்டா, நான் என்ன பண்ணுவேன். அப்பறம் இன்னொரு வருஷம்னு ஆயிடுத்து. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்ககூடப் பேசறச்சே நான் பக்கத்துலதான் உட்கார்ந்துண்டிருப்பேன். என் நாக்கு நுனி வரைக்கும் வரும்."

புறப்பட வேண்டும். பாஸ்போர்ட் அர்பாபின் மேஜைக்குள். அர்பாப் மழை பார்க்கத் தெற்கே சலாலா மலைப் பக்கம் போயிருந்தார். மேஜைச் சாவி அவர் பையில். நான் கட்டிய கம்பெனியில், நான் வாங்கிப் போட்ட மேஜை முன்னால், நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வரும்வரைக்கும் ஐஸ் கிடங்குகள் எல்லாம் ஒழுங்காக ஓடின.

போய்ச் சேர்ந்தபோது வசந்தா கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாய்யா, துன்னியா?" என்றாள்.

அமுதா வராந்தாவில் என்னிடம் சொன்னது இது. போன வருஷம் முழுதும் அம்மா நிறைய பவுடர் போட்டுக்கொண்டாள், மரிக்கொழுந்து வாங்கி வைத்துக்கொண்டாள். புண்ணின் வாடை மகளுக்குத் தெரியக் கூடாது என்று. மகளுக்கு அது தெரியவில்லை. கிண்டல் செய்திருக்கிறாள். "நைனாவே ஊர்ல இல்ல, யாருக்கும்மா இவ்ளோ பவுடர்?" வசந்தா சிரித்தாளாம். "படிடி, உன் வேலயப் பாரு."

5

கவுன்சிலிங் கார்டு வந்தது. இந்தத் தடவை மார்க்கில் எந்தக் குறையும் இல்லை. பிந்தாமல் நல்ல நம்பரில் அழைத்திருந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், அந்தத் தெருவில் சிலர் வேறு மாதிரி பேசுவதால். என் மகளுக்கு இடம் கிடைக்காமல் போகவில்லை.

வசந்தாதான் எங்களைத் துரத்தினாள். "போயி வாங்கிக்கினு வாங்க. நா எங்கியும் போமாட்டேன்."

நான் மஸ்கட்டில் தைத்த சஃபாரி சூட் போட்டுக்கொண்டு போனேன். பிள்ளையோடு ஒருவர் உள்ளே போகலாம் என்றார்கள். அமுதா, "நீ வெளியவே இரு நைனா" என்றாள். கூச்சம் என்று நினைத்தேன். கதவுக் கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஏதோ சொன்னாள். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். திரும்ப ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். எழுந்து வந்துவிட்டாள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"எந்தக் காலேஜ் கண்ணு?"

"வா நைனா, போலாம்."

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சொன்னாள். "வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

நான் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். அவள் நேரே போகச் சொன்னாள். நான் மறுபடி திருப்பச் சொன்னேன். ஆட்டோக்காரர் ஓரமாக நிறுத்திவிட்டார். "சார், அப்பாவும் பொண்ணும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நா பீடி பத்த வெச்சிகினு இருக்கறேன்."

"பைத்தியமாடி நீ. அவ இன்னாத்துக்குடி இத்தினி நாளு பொறுத்துக்கினு இருந்தா."

"அதுக்குத்தான் நைனா." அவள் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள். "ரெண்டு வருசம் ஒரே பாயில படுத்திருந்தோம். நா உடம்பு படம் வரைஞ்சு பாகம் குறிச்சிகினு இருந்தேன். பக்கத்துல திரும்பிப் பாக்கல. நாளைக்கு யாரோ ஒரு அம்மா வந்து எம்முன்னாடி உக்காந்து, ஒரு மாசமாத்தான் இருக்குன்னு சொல்லும். நா எப்படிக் கேப்பேன், எந்த மூஞ்ச வெச்சிகினு? எங்கம்மாவ குடுத்து வாங்கின சீட்டு அது. எனக்கு வேணாம்."

அவளே வெளியே எட்டிப் பார்த்து, "அண்ணா, அடையாறுக்கே வுடுங்க" என்றாள்.

வார்டுக்குள் நுழைந்ததும் வசந்தா தலையைத் தூக்கினாள். அன்றைக்குக் காலையில் இருந்து சாப்பிடவில்லையாம், கேட்ட பிறகு சாப்பிடலாம் என்று.

"எந்த ஊர்ல கண்ணு போட்டான்?"

நான் சுவரைப் பார்த்தேன். அமுதா கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மெட்ராஸ்லயேம்மா. இங்கியே. உன்கூட இருந்துகினே போயி வரலாம்."

வசந்தா பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் திரும்பினாள். "கேட்டியாக்கா. எம்பொண்ணு டாக்டரு."

மறுநாளில் இருந்து அந்த வார்டில் இருந்தவர்கள் எல்லாம் அமுதாவைக் கூப்பிட்டு மாத்திரை அட்டையைக் காட்டினார்கள். இது எதுக்கு பாப்பா, அது எதுக்கு பாப்பா. அவள் முடியாது என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு போய் நர்ஸிடம் கேட்டு வந்து சொன்னாள். வசந்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை தொடங்குவதற்குள் போய்விட்டாள். டாக்டருடைய அம்மாவாகத்தான் போனாள்.

இங்கே என்னிடம் எவன் கேட்டாலும் என் மகள் மெடிசன் படிக்கிறாள் என்று நான் சொல்வது அதனால்தான். வசந்தா நம்பிக்கொண்டு போன ஒன்றை மஸ்கட்டில் இருந்துகொண்டு நான் ஏன் கலைக்க வேண்டும்?

6

அமுதா இப்போது ஒரு காலேஜில் விலங்கியல் படிக்கிறாள். அதே போர்ஷன். காலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறாள். வாசலில் சைக்கிள்கள் நிற்கும். போன லீவில் நான் அங்கே இருந்தபோது ஒன்று பார்த்தேன். புதிதாகச் சேருகிற பிள்ளை யாராக இருந்தாலும் அம்மாவைக் கூட்டி வரச் சொல்கிறாள். ஃபீஸ் பேசத்தான் என்று அவர்கள் வருகிறார்கள். பிள்ளையைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு அம்மாவைச் சமையலறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஒரு அம்மா வெளியே வந்து, "இன்னாங்க உங்க பொண்ணு, ஃபீஸ் எவ்ளோன்னு கேட்டா உடம்பு எப்படிக் கீதுன்னு கேக்குது" என்று என்னிடம் கோபித்துக்கொண்டு போனாள். இன்னொரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அமுதா அன்று காலேஜுக்குப் போகவில்லை. அந்த அம்மாவோடு அடையாறு பஸ் ஏறினாள்.

என்னையும் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கேட்கிறாள். "நைனா, மறைக்காம சொல்லு, எப்படிக் கீறே?" நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமையும், ஒயர் மாட்டிப் படம் எடுத்து மூன்று நாள் கழித்து, நன்றாகத்தான் இருந்தேன்.

லெட்டர் போடலாமே என்று கேட்பீர்கள். எழுதினேன். பெட்டி வரைக்கும் போய்க் கிழித்துவிட்டேன். இப்படி ஊரறிய எழுதிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. இந்தப் பத்திரிகையை வாங்குவது மாமி. அவர் முதலில் படித்துவிட்டு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். மாமி, இந்தத் தடவை நான் உங்களிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை.

அமுதா, இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு என்கிறார்கள். குழாய் அடைப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். துறைமுகத்தில் ஒரு கிடங்கு வேலை பாதியில் நிற்கிறது, அது முடியட்டும் என்று தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். அந்த டாக்டர் பெண் கோபித்துக்கொண்டாள். அவளுக்கு நம் வீட்டு வழக்கம் தெரியாது.

உனக்குத் தெரியும். இது அச்சாகி உன் கைக்கு வருகிற வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணும்போது, எப்படிக் கீறே என்று கேட்காதே. அதற்கு எனக்கு ஒரு பதில்தான் தெரியும். எங்கே வலிக்குது என்று கேள்.